மாளிகையைப் பாருங்கள், கணக்கையும் கேளுங்கள்

பிரிட்டனில் திங்கட்கிழமையும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை வந்தால் ஒரு பெருங்கூட்டம் நாட்டுப்புறத்துக்குக் கிளம்பிவிடும். ஏதாவது ஒரு கிராமத்து விடுதியில் இரண்டு இரவு தங்குவது, பகலில் பழைய பிரபுக்களின் மாளிகைகளையும் தோட்டங்களையும் சுற்றிப் பார்ப்பது, அங்கேயே இருக்கும் டீக்கடையில் கேக்கும் டீயுமாக உட்கார்ந்து எழுவது. இதுதான் திட்டம். இந்த மாளிகைகளில் பலவற்றைப் பராமரிப்பது 1895இல் தொடங்கப்பட்ட நேஷனல் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளை. அதன் உறுப்பினர்கள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். படிக்கவும் வேலைக்கும் அங்கே போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. ரோஜாத் தோட்டத்தின் முன்னால் நின்று எடுத்த படங்கள் இன்ஸ்டாகிராமில் வந்துகொண்டே இருக்கின்றன.

இந்த அமைதியான பொழுதுபோக்கில் 2020 செப்டம்பரில் ஒரு கல் விழுந்தது. தன் பராமரிப்பில் உள்ள இடங்களில் 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்பு இருக்கிறது என்று நேஷனல் ட்ரஸ்ட்டே ஓர் அறிக்கை வெளியிட்டது. சர்ச்சில் வாழ்ந்த சார்ட்வெல் வீடும் அந்தப் பட்டியலில் இருந்தது. உடனே கூச்சல் கிளம்பியது. கன்சர்வேடிவ் கட்சி எம்.பி.க்கள் கண்டனம் எழுதினார்கள். அறிக்கையின் தொகுப்பாளர்களில் ஒருவரான பேராசிரியர் கொரின் ஃபவுலருக்கு மிரட்டல்கள் வந்தன. அறக்கட்டளை தன் வேலையை மீறிவிட்டது என்று புகார்கள் போயின. விசாரித்த அறக்கட்டளைகள் ஆணையம், சட்டமீறல் எதுவும் இல்லை என்று 2021 மார்ச்சில் சொல்லிவிட்டது. ஆனாலும் சண்டை ஓயவில்லை. அதே ஆண்டு, அறக்கட்டளையை ‘மீட்க’ வேண்டும் என்று ஓர் அமைப்பே தொடங்கப்பட்டது. அவர்களின் கோபத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வீட்டைக் காட்டு, தோட்டத்தைக் காட்டு, காசு எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லாதே.

இந்தச் சண்டையில் நாம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ‘வெள்ளைக்காரன் நம்மைச் சுரண்டிக் கட்டிய வீடு’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் கேள்வியில் பாதியைத்தான் கேட்டவர்கள் ஆவோம். அந்த ‘நம்’ என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் இருந்தார்கள், யார் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பதுதான் மறுபாதி.

மெட்ராஸிலிருந்து போன பணம்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், பொகானக் என்றொரு பெரும் பண்ணை இருக்கிறது. வசந்த காலத்தில் அதன் தோட்டத்தைப் பார்க்கக் கூட்டம் வரும். அதை 1717இல் வாங்கியவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தவர். கிருஷ்ணா நதிக்கரையின் கொல்லூர் சுரங்கத்திலிருந்து வந்த 410 காரட் வைரம் ஒன்றை மெட்ராஸில் ஒரு வணிகரிடம் 48,000 வராகனுக்கு வாங்கினார். பட்டை தீட்டியபின் அதைப் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு 1717இல் விற்றார். கிடைத்தது வாங்கிய விலையைப் போல் பல மடங்கு. விற்ற அதே ஆண்டில் பொகானக் கைக்கு வந்தது. பிட்டின் பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டனின் பிரதமர்களானார்கள். வைரம் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கொல்லூரில் அந்தக் கல்லைத் தோண்டியது யார்? 17ஆம் நூற்றாண்டில் அந்தச் சுரங்கத்தைப் பார்த்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக ஏறக்குறைய 60,000 பேர் அங்கே வேலை செய்ததாக எழுதினார். ஆண்கள் தோண்டினார்கள், பெண்களும் குழந்தைகளும் மண் சுமந்தார்கள். வெள்ளைக்கார கவர்னருக்கு வைரத்தை விற்றவர் இந்திய வணிகர். சுரங்கத்தைக் குத்தகைக்கு விட்டுக் காசு பார்த்தது இந்திய அரசு. மண் சுமந்த குழந்தைக்கு இந்த மூவரும் மேலே இருந்தவர்கள்தான்.

இதே பிட் மெட்ராஸில் இன்னொரு காரியமும் செய்தார். 1707இல் கருப்பர் நகரத்தில் வலங்கைச் சாதிகளுக்கும் இடங்கைச் சாதிகளுக்கும் பெரும் தகராறு மூண்டது. எந்தத் தெரு வழியாக யார் ஊர்வலம் போவது என்ற சண்டை. பிட் கண்ட தீர்வு தெருக்களையே சாதிவாரியாகப் பிரித்துவிடுவது: பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையருக்கு. கம்பெனி சாதியைக் கண்டுபிடிக்கவில்லை. இருந்த சாதியை வணிகம் தடைபடாமல் நடக்கும் அளவுக்கு ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. பொகானக்கில் பூப்பார்க்கப் போகிறவருக்கு வைரக் கதை தெரிந்திருக்கலாம். தெருப் பிரித்த கதையைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

வேல்ஸில் ரெக்ஸம் நகரத்துக்குப் பக்கத்தில் எர்டிக் என்றொரு மாளிகை. அதைக் கட்டியவர் கடனில் மூழ்கி வீட்டை இழந்தார். அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர், பிட்டுக்கு முன்னால் மெட்ராஸ் கவர்னராக இருந்த எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தாங்கி நிற்பது இவர் பெயரைத்தான். யேல் பரிசாகக் கொடுத்த ஓர் அரக்குத் திரை எர்டிக்கில் இருக்கிறது. இவ்வகைத் திரைகளைக் ‘கோரமண்டல் திரை’ என்பார்கள். செய்தது சீனாவில். நம் கரை வழியாகக் கப்பலேறியதால் சோழமண்டலத்தின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. வழியில் இருந்த துறைமுகத்துக்குப் பெயர் கிடைத்தது, மூட்டை தூக்கியவருக்குக் கிடைக்கவில்லை.

வேல்ஸின் இன்னொரு மூலையில் பவிஸ் கோட்டை. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் அதன் தோட்டம் பிரிட்டனின் புகழ்பெற்ற தோட்டங்களில் ஒன்று. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் அந்தக் குடும்பத்தில் 1784இல் பெண் எடுத்தார். பின்னர் மெட்ராஸ் கவர்னரானார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது பதவியில் இருந்தவர் அவரே. திப்பு சுல்தானின் சிம்மாசனத்தை அலங்கரித்த புலித்தலை ஒன்று, அவருடைய பூ அச்சிட்ட துணிக் கூடாரம் என்று 1,000க்கும் மேற்பட்ட பொருட்கள் இன்று பவிஸில் இருக்கின்றன. தோட்ட விருந்துகளில் பந்தல் போட அந்தக் கூடாரத்தைப் பயன்படுத்தினார்கள் என்பது தனிக்கதை.

பவிஸ் போய்வரும் இந்தியர்கள் ‘நம் பொக்கிஷத்தைத் திருப்பிக் கொடு’ என்று எழுதுகிறார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட படையில் ஆங்கிலேயர் மட்டும் இல்லை. ஹைதராபாத் நிஜாமின் படை அவர்களோடு நின்றது. கம்பெனியின் மெட்ராஸ் படையில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து போனவர்கள் கணிசமாக இருந்தார்கள். ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவருக்குக் கம்பெனி சீருடை கொடுத்தது. அந்தப் படை செய்த கொள்ளை இதனால் நியாயமாகிவிடாது. ஆனால் ‘அவர்கள் கொள்ளையடித்தார்கள், நாம் பறிகொடுத்தோம்’ என்ற இரண்டு வரிக் கதைக்குள் நம் முப்பாட்டன்களை அடைக்க முடியாது.

புல்வெளியில் மறைந்திருக்கும் பள்ளம்

ஆங்கிலத் தோட்டங்களில் ஒரு விசித்திரமான அமைப்பு உண்டு. பெயரே ‘ஹா-ஹா’. மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளி எந்தத் தடையும் இல்லாமல் தொடுவானம் வரை விரிந்து போவதுபோல் தெரியும். வேலி கிடையாது, மதில் கிடையாது. ஆனால் நடந்துபோனால் ஓரிடத்தில் ஆழமான பள்ளம் வரும். பள்ளத்தின் ஒரு பக்கம் செங்குத்தான சுவர். மாடு இந்தப் பக்கம் ஏறி வர முடியாது. பிரபுவின் கண்ணுக்கு எல்லை தெரியக்கூடாது, எல்லையை யாரும் தாண்டவும் கூடாது. இரண்டும் ஒரே பள்ளத்தில் நிறைவேறின.

அந்தப் பரந்த காட்சியும் இயற்கையாக வாய்த்ததல்ல. டோர்செட்டில் மில்டன் பிரபுவின் வீட்டுக்கு முன்னால் ஒரு சந்தை ஊர் இருந்தது. காட்சியைக் கெடுக்கிறது என்று 1780களில் அந்த ஊரையே இடித்துத் தள்ளிவிட்டு, சற்றுத் தள்ளி மில்டன் அப்பாஸ் என்று ஒரு கிராமத்தைக் கட்டினார். நிலத்தை அழகுபடுத்திக் கொடுத்தவர்களில் அன்று புகழின் உச்சியில் இருந்த தோட்டக் கலைஞர் ‘கேப்பபிலிட்டி’ பிரவுனும் ஒருவர். ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக நிற்கும் அந்தக் கூரை வீடுகளை இன்று சுற்றுலாப் பயணிகள் ரசித்துப் படம் எடுக்கிறார்கள். விரட்டப்பட்டவர்களின் வரிசை வீடுகளே காட்சிப்பொருளாகிவிட்டன. ஊர்ப் பொதுநிலங்களை வேலி போட்டுத் தனியார் சொத்தாக்க நாடாளுமன்றம் மூன்று நூற்றாண்டுகளில் 5,000க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டது. மேய்ச்சலையும் விறகையும் நம்பி வாழ்ந்தவர்கள் கூலிகளாகவும் நகரத் தொழிலாளர்களாகவும் ஆனது இப்படித்தான்.

நம் ஊரில் எல்லையை மறைக்க வேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவர் பட்டப்பகலில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தபடிதான் நின்றது. அதில் ஒரு பகுதியை இடிக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆங்கிலப் பிரபுவுக்குக் காட்சி அழகு குறித்த கவலையாவது இருந்தது. சாதிக்கு வெட்கம் என்ற ஒன்றே கிடையாது.

இழப்பீடு வாங்கியவர்கள் விட்டுச்சென்ற பதிவேடு

வட வேல்ஸில் உள்ள பென்ரின் கோட்டை, பார்த்தால் பழங்காலக் கோட்டை போலவே இருக்கும். கட்டியது 19ஆம் நூற்றாண்டில். பணம் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்தும், கோட்டைக்குப் பக்கத்துக் கற்பலகைச் சுரங்கத்திலிருந்தும் வந்தது. 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது இழப்பீடு கிடைத்தது. அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. மொத்தம் 2 கோடி பவுண்டு. பென்ரின் பிரபுவின் குடும்பம் 764 மனிதர்களுக்கு ஈடாக 14,683 பவுண்டு பெற்றது. இந்தப் பெருந்தொகைக்காக அரசு வாங்கிய கடன் முழுதாக அடைந்தது 2015இல்தான். அதே குடும்பத்தின் சுரங்கத்தில் தொழிலாளர்கள் 1900 முதல் 1903 வரை மூன்றாண்டுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றும் அந்தப் பகுதியில் கோட்டைக்குள் காலடி வைக்க மாட்டோம் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு.

இவ்வளவு துல்லியமாக, தலைக்கணக்கோடு இதை எப்படிச் சொல்ல முடிகிறது? இழப்பீடு வேண்டுமென்றால் பெயர் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை அடிமைகள், எந்தத் தோட்டத்தில் என்று கணக்குக் காட்ட வேண்டும். காசு கிடைக்கிறதென்று பிரபுக்கள் வரிசையில் நின்றார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் அந்த ஆவணங்களைத் தொகுத்து யாரும் தேடிப்பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். எந்த மாளிகைக்குப் போகிறீர்களோ, அந்தக் குடும்பத்தின் பெயரைத் தட்டச்சு செய்து பார்க்கலாம். அடிமை உடைமையாளர்களின் பேராசையே அவர்களுக்கு எதிரான சாட்சியாக மாறிவிட்டது.

இந்த இடத்தில்தான் நம் கதை பிரிகிறது. 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இங்கே 1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது. அடிமை உடைமையை நீதிமன்றம் அங்கீகரிக்காது என்பதோடு அது நின்றுகொண்டது. இழப்பீடு இல்லை, ஆகவே விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லாததால் பதிவேடும் இல்லை. தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட பறையர், பள்ளர் குடும்பங்கள் மறுநாளும் அதே வயலில், அதே மிராசுதாருக்கு வேலை செய்தன. ‘அடிமை’ என்ற சொல் போய் ‘பண்ணையாள்’ என்ற சொல் நின்றது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமை முறையைப் பற்றிப் பேச ஒரு தேடுபெட்டி இருக்கிறது. தமிழ்நாட்டின் பண்ணையடிமை முறைக்கு, ஆள் விற்ற ஓலைகளும், செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதியது போன்ற சில அறிக்கைகளும், சேரிகளின் வாய்மொழி நினைவுகளும்தான். அதனால்தான் நம் மாளிகைகள் இவ்வளவு நிம்மதியாக இருக்கின்றன.

கானாடுகாத்தானில் சொல்லப்படாதது

தமிழ்நாட்டில் மாளிகைச் சுற்றுலா என்றால் முதலில் நினைவுக்கு வருவது செட்டிநாடு. இரண்டு நாள் போதும்: கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் இடம்பெற்றன. பல வீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. போகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் கதை நமக்கு மனப்பாடம்: பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சு, மழைநீர் சேகரிப்பு, இருபது வகைச் சாப்பாடு. எல்லாம் உண்மை. கட்டடங்கள் அழகானவை என்பதும் உண்மை.

பர்மாத் தேக்கு என்று சொல்கிறவர்கள் பர்மா நிலத்தைப் பற்றிச் சொல்வதில்லை. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து கடனை அடைக்க முடியாமல் பர்மிய விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் நிறுவனங்களின் கையில் இருந்த நிலம் ஏறக்குறைய 6 விழுக்காடு. 1938இல் அது 25 விழுக்காடு. அவர்கள் காலனி ஆட்சியின் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் வட்டிக்கு விட்டார்கள், அவர்களுக்கும் நட்டம் வந்தது, பின்னர் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களும் உண்டு. அத்தனையையும் சொல்லலாம். சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கையே.

அதைவிட முக்கியமானது அந்த வீடுகளைச் சுற்றியிருந்த மண். செட்டிநாடு அன்று ராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் கள்ளர் நாட்டார்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அவற்றைப் பதிவுசெய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, ஆடுமாடுகள் பறிக்கப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. குழந்தைகள் படிக்கக்கூடாது என்பதும் அதில் சேர்ந்தது.

இந்தத் தடைகளை விதித்தவர்கள் மாளிகைகளின் சொந்தக்காரர்கள் அல்ல. ஆனால் மாளிகைகள் எழும்பிக்கொண்டிருந்த அதே காலம், அதே மாவட்டம். இன்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அந்த வீடுகளிலிருந்து வந்த பித்தளை அண்டாக்களும், கடல் கடந்து வந்த எனாமல் தூக்குகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் விலை பேசி வாங்கிப்போகிறார்கள். அந்த அண்டாக்கள் புழக்கத்தில் இருந்த நாளில், சில மைல் தூரத்தில், ஒரு குடும்பம் பித்தளைச் சொம்பு வைத்திருந்ததற்காக அடிவாங்க முடியும். இது தெரிந்தபின் அந்த எனாமல் தூக்கு வெறும் அலங்காரப் பொருளாகத் தோன்றாது.

வீட்டின் அமைப்பே இதைப் பேசும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு அது. யார் திண்ணை வரை, யார் வளவு வரை, யார் பின்வாசலோடு சரி என்பதைச் சாதியும் பாலினமும் தீர்மானித்தன. ‘காற்றோட்டத்துக்காக இப்படிக் கட்டினார்கள்’ என்ற விளக்கம் தவறில்லை. காற்று மட்டும்தான் எல்லாக் கட்டுகளிலும் தடையில்லாமல் போய்வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் விளக்கம் முழுமையாகும்.

‘ஒரு நாள் நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கவும் விடமாட்டீர்களா?’

இந்தக் கேள்வி பிரிட்டனிலும் எழுந்தது, இங்கும் எழும். மாளிகையை வெறுக்கச் சொல்லவில்லை. பவிஸின் தோட்டத்தைப் பராமரித்தது தோட்டக்காரர்கள், ஆத்தங்குடிக் கல்லை வார்த்தது கைவினைஞர்கள். அந்த அழகில் பெரும்பங்கு உழைத்தவர்களுடையது. அதை ரசிக்க நமக்கு உரிமை அதிகம், குறைவல்ல. ‘அவர்கள் பள்ளி கட்டினார்கள், கல்லூரி கட்டினார்கள்’ என்பார்கள். கட்டினார்கள். அந்தக் கொடையை நன்றியோடு வரவில் எழுதுவோம். செலவுப் பக்கத்தையும் கிழிக்காமல் வைப்போம். எந்தச் சாதியில் பிறந்த இன்றைய தனிமனிதரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதல்ல நோக்கம்.

எர்டிக் மாளிகையிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். அங்கே பார்வையாளர்கள் பின்பக்கத்துப் பணிமனைகள், லாயங்கள் வழியாக உள்ளே போகிறார்கள். அந்த வீட்டார் தங்கள் வேலைக்காரர்களை ஓவியமாக வரைந்து மாட்டிவைத்த அபூர்வக் குடும்பம். அதில் எஜமான் பாசத்தின் சுயதம்பட்டமும் உண்டு. ஆனாலும் தச்சருக்கும் சமையல்காரப் பெண்ணுக்கும் சுவரில் முகமும் பெயரும் இருக்கின்றன. நம் பாரம்பரிய வீடுகளில் தாத்தாக்களின் எண்ணெய் ஓவியங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றில் வண்ணாரக் குடும்பத்தின் படத்தையோ, கொத்தனாரின் படத்தையோ, மாட்டுக்கொட்டகை சுத்தம் செய்தவரின் படத்தையோ பார்த்தவர்கள் கையைத் தூக்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. யுனெஸ்கோ பட்டியலுக்கு முழுமையான ஆவணம் தயாராகும்போது, பின்தெருவின் வரலாறும் சேரியின் வரலாறும் அதில் ஓர் அத்தியாயமாக இடம்பெற வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். சுற்றுலாத் துறையின் வழிகாட்டிப் பயிற்சியில் இது பாடமாக வேண்டும். அங்குள்ள கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பிள்ளைகள், தடைகளின் காலத்தைத் தாய் தகப்பனிடம் கேட்டு வளர்ந்த முதியவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார வேண்டும். அரசு நமக்குப் பதிவேடு வைக்கவில்லை என்றால் நாமே ஒன்று தொடங்குவோம். அந்த முதியவர்களுக்கு இப்போதே எண்பது, தொண்ணூறு வயது.

அதுவரை, போகிறவர்கள் ஒன்று செய்யலாம். வழிகாட்டி தேக்குத் தூணைப் பற்றிச் சொல்லி முடித்ததும், பின்வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது, அந்தத் தெருவில் யார் இருந்தார்கள் என்று சத்தமாகக் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காக அவர் தெரிந்துவைத்துக்கொள்வார்.